மூன்று நாள் சிவப்பு மாத்திரை

என் மனைவிக்கு வலி மாத்திரை என்று சொல்லி மூன்று நாள் வெறும் சத்து மாத்திரையைக் கொடுத்தேன். தெரியாமல் நடந்த தவறல்ல. என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளவே செய்தேன்.

எழுபதுகளின் கடைசி. பெரம்பலூரில் குடியிருந்துகொண்டு, தினமும் பஸ் ஏறி அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் வேதியியல் நடத்தி வந்தேன். அவளுக்கு வலது உள்ளங்காலில் கால் ஆணி முற்றிப்போய் ஊன்றி நடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் மரத்துப்போக ஊசி போட்டு அறுத்தெடுத்தார்கள். கால் மணி நேர வேலை. வீட்டுக்கு வந்து மரப்பு விட்ட பிறகுதான் வலி என்றால் என்னவென்று தெரிந்தது.

கம்பவுண்டர் இரண்டு காகிதப் பொட்டலங்கள் மடித்துக் கொடுத்திருந்தார். வெள்ளை மாத்திரை வலிக்கு, சிவப்பு சத்துக்கு. "வெள்ளை வயித்துக்கு ஒத்துக்கலைன்னா வந்து சொல்லுங்க சார், வேற இருக்கு" என்றும் சொன்னார். அன்று சாயங்காலம் இரண்டையும் சேர்த்தே கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் அவள் முகம் தெளிந்தது.

"ஏங்க, அந்த வெள்ளை இனிமே வேணாம்" என்றாள். "ஒரே சூடு, வயித்தை எரிக்குது. செவப்புதான் கேட்டுச்சு. முழுங்கும்போதே தெரிஞ்சுச்சு."

எங்கள் பக்கத்தில் மாத்திரையை நிறம் பார்த்துத்தான் மதிப்பார்கள். வெள்ளை என்றால் சூடு. சிவப்பு என்றால் நேரே ரத்தத்தில் சேரும். அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்திருக்கலாம். கம்பவுண்டரிடம் போய் வேறு மாத்திரை வாங்கி வந்திருக்கலாம். எனக்கோ வேறு எண்ணம் ஓடியது. நம்பிக்கை மட்டுமே வலியைக் குறைக்குமா? குறைத்தால் எவ்வளவு? எத்தனை நேரத்துக்கு?

"ஆமா, செவப்புதான் வலி மாத்திரை" என்றேன். வெள்ளைப் பொட்டலத்தை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து நோட்டும் பேனாவுமாக அவள் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்பு ஒரு தடவை, சாயங்காலம் திரும்பியதும் ஒரு தடவை.

"ரூபாய்க்கு எத்தனை அணா குறைஞ்சிருக்கு?"

ரூபாய்க்குப் பதினாறு என்றிருந்த அணா காசு ஒழிந்து வெகுகாலம் ஆகியிருந்தாலும் வலிக்கு மட்டும் எல்லோரும் அணாவில்தான் கணக்குச் சொல்வார்கள். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எட்டணா தேவலாங்க" என்றாள். மறுநாள் பத்தணா ஆயிற்று. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆசிரியர்கள் அறையில் நோட்டை விரித்து வைத்து விளக்கினேன். கணக்கு வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் சார், ஊர்ல எலி கெடைக்கலியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் "பன்னெண்டணா" என்றாள். நோட்டில் எழுதிவிட்டுக் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். சமையலுக்கு ஒத்தாசையாக வந்திருந்த மாமியார் பின்னாலேயே வந்தார்.

"மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. அந்த மாத்திரைய மாத்தித் தரச் சொல்லுங்க."

"நல்லா கேக்குதுன்னு அவளே சொல்றாளே, அத்தை?"

"எங்க கேக்குது? நீங்க பஸ்ஸுக்குப் போனதும் முந்தானைய வாயில அடைச்சிக்கிட்டுக் கெடக்கா. கேட்டா, 'அவரு நோட்டோட வந்து அவ்வளவு ஆசையா கேக்குறாரும்மா, குறையலன்னு எப்படிச் சொல்றது'ங்கறா."

நோட்டில் நான் எழுதி வைத்திருந்தது மாத்திரையைப் பற்றிய உண்மையும் அல்ல, நம்பிக்கையைப் பற்றிய உண்மையும் அல்ல. என் முகம் வாடக் கூடாதென்று அவள் சொன்ன கணக்கு அது. அப்போதே கம்பவுண்டர் வீட்டுக்கு நடந்தேன். வெள்ளை அவளுக்கு வயிற்றை எரித்ததைச் சொன்னேன். மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ளும்படி வேறொரு மாத்திரையின் பெயரை எழுதிக் கொடுத்தார். வாங்கி வந்து, சோறு சாப்பிட வைத்துக் கொடுத்தேன். அன்று நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே தூங்கிப்போனாள்.

காலையில் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு நாளுமா?"

"மூணு நாளும்."

"அப்ப எனக்கு வலிச்சது நெசந்தான்" என்றாள். "மருந்து முழுங்கியும் இப்படி வலிக்குதே, மத்தவங்களுக்கெல்லாம் கேக்குது, நமக்குத்தான் பொறுக்கற சக்தி இல்லன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் கையமர்த்தினாள். "அதெல்லாம் கெடக்கட்டும். மாத்திரை அட்டையில இங்கிலீசுல என்னமோ போட்டிருக்கே, அதைப் படிக்கச் சொல்லிக்குடுங்க."

அஞ்சாங்கிளாஸ் வரை தமிழ் மட்டும் படித்தவள். கால் ஆறுவதற்குள் இருபத்தாறு எழுத்தும் வந்துவிட்டன. அதற்குப் பிறகு பொட்டலத்தில் மடித்த மாத்திரையை அவள் தொடவே இல்லை. பெயர் போட்ட அட்டைதான் வேண்டும். மருந்துக் கடையில் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்து, சீட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். தெருப் பெண்கள் தங்கள் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு அவளிடம் வரத் தொடங்கினார்கள். "இது வலிக்கு, இது சத்துக்கு, மாத்திப்புடாதீங்க" என்பாள். என்னிடம் அப்படிக் கேட்டு ஒருவரும் வந்ததில்லை.

என்னை அவள் மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு எது வலித்தாலும் ஒளிக்காமல் சொன்னாள். ஆனால் நான் மாத்திரை எடுத்துக் கொடுத்தால் அட்டையை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் படிப்பாள். படித்து முடிக்கும்வரை நான் தண்ணீர்ச் செம்போடு நிற்பேன்.