பத்தரை மணி மாத்திரை

1. பதினோரு பெட்டி

அந்தத் திங்கட்கிழமை காலை என் ரூமில் கால் வைக்க இடமில்லை. பதினோரு அட்டைப்பெட்டிகள், உள்ளே முழுக்க மல்டிவைட்டமின் மாத்திரை. ஹெட் ஆபீஸிலிருந்து தொழிலாளர் நலனுக்காக வந்தவை.

பெங்களூரில் ஹெப்பகோடி பக்கத்தில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியின் ஃபர்ஸ்ட் எய்ட் ரூமில் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்து, இரண்டு வருடம் முன்பு ரிட்டயர் ஆனவள் நான். கோபக்காரி. விரலில் ஊசி ஏறி வருகிறவர்களுக்கு முதலில் திட்டு, பிறகுதான் மருந்து.

ஹெச்.ஆர். மேனேஜர் வாசலில் நின்றபடியே சொன்னார். "சிஸ்டர், எல்லாருக்கும் தினம் ஒண்ணு குடுத்துடுங்க. ஃபோட்டோ மட்டும் மரீபேடி." மறக்காதீர்கள் என்பதை அவர் கன்னடத்தில் சொன்னால் அது உத்தரவு என்று அர்த்தம்.

ஃபினிஷிங் செக்‌ஷனிலிருந்து ஆரம்பித்தேன். வரிசையில் ஐந்தாவதாக நின்றவர் பச்சையம்மாள். போளூர்ப் பக்கத்துக்காரர், நாற்பத்திரண்டு வயது, செக்கர். தைத்து வந்த சட்டையை மேஜையில் விரித்து, தப்பு இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. மாத்திரையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இது எதுக்கு சிஸ்டர்?"

"சத்து மாத்திரைம்மா. ஒடம்புக்கு நல்லது."

"எனக்கு எந்தச் சத்து கம்மி?"

"எல்லாருக்கும்தான் கம்மி. போட்டுக்கோ."

"அளக்காம எப்படி சிஸ்டர் தெரியும்? டேப் வெக்காம நான் ஒரு பீஸைக்கூட ஷார்ட்னு சொல்ல முடியாது. சூப்பர்வைசர் சண்டைக்கு வந்துடுவாரு."

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. வியாழக்கிழமை வரும் கம்பெனி டாக்டரிடம் புகாராகத்தான் சொன்னேன். அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுக்காமலே, "அவங்க கேக்கறது சரிதானே சிஸ்டர்? மொதல்ல ரத்தம் பாப்போம். கொறை இருக்கறவங்களுக்கு அந்தக் கொறைக்கான மாத்திரை. மத்தவங்களுக்கு எதுக்கு?" என்றார்.

அடிக்கடி தலைசுற்றல், அசதி என்று என்னிடம் வந்துகொண்டிருந்த பெண்களுக்கு ரத்தம் எடுத்தோம். எட்டுப் பேருக்கு ஹீமோகுளோபின் குறைவு. எல்லாரையும்விடக் குறைவு பச்சையம்மாளுக்குத்தான். பன்னிரண்டாவது இருக்க வேண்டிய இடத்தில் ஏழு புள்ளி ஆறு. அந்த உடம்போடு தினமும் எட்டு மணி நேரம் நின்றுகொண்டு வேலை பார்த்திருக்கிறார்.

2. டீ பிரேக்

காரணமும் தெரிந்தது. கர்ப்பப்பையில் கட்டி. மாதாமாதம் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்துவிடலாம், ஆனால் ஹீமோகுளோபின் பத்துக்கு வந்தால்தான் தேதி என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ரத்தப்போக்கைக் குறைக்க மருந்தும் கொடுத்தார்கள். வேறு ஆள் ரத்தம் ஏற்றிக்கொள்ள பச்சையம்மாளுக்குப் பயம். அவர் அண்ணன் மனைவிக்கு ஏற்றும்போது உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறியதை நேரில் பார்த்தவர்.

எட்டுப் பேருக்கும் இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட் சேர்ந்த மாத்திரை எழுதினார் டாக்டர். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் மறந்துவிடுவார்கள் என்று என் கையாலேயே கொடுக்க முடிவு செய்தேன். லைனை நிறுத்த சூப்பர்வைசர் விடமாட்டார். எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பது காலை பத்தரை மணி டீ பிரேக்கில்தான். ஒரு கையில் மாத்திரை, மறு கையில் டம்ளர். விழுங்கியதும் ரிஜிஸ்டரில் ஒரு டிக். ஒருவர்கூட விட்டுப்போகவில்லை. இவ்வளவு ஒழுங்காக வேறு எந்த ஃபேக்டரியில் நடக்கும் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

3. நான் கத்திய நாள்

இரண்டு மாதம் கழித்து ஆபரேஷனுக்கு முந்தைய டெஸ்டுக்குப் போன பச்சையம்மாளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏழு புள்ளி எட்டு. லீவு வாங்கி, பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து தங்கையை வரவழைத்து, எல்லாம் வீண். அடுத்த மாதம் மறுபடி போனார். ஏழு புள்ளி ஏழு. மறுபடி திரும்பி வந்தார். "இப்படியே போனா நெஞ்சு தாங்காது, ரத்தம் ஏத்திக்கோங்க" என்று அங்கே மிரட்டியும் அனுப்பியிருந்தார்கள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நேராக ஃபினிஷிங்குக்குப் போனேன். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, "ஏம்மா, மாத்திரைய முழுங்குறியா, இல்ல வாயில ஒதுக்கி வெச்சிட்டுப் போயி சாக்கடையில துப்புறியா?" என்று கத்தினேன்.

"உங்க கண்ணு முன்னாடிதானே சிஸ்டர் முழுங்குறேன்."

"அப்ப ஏன் ஏறல? மத்தவங்கள ஏமாத்துறதா நெனச்சி உன்னையே ஏமாத்திக்காத."

அவர் கண் கலங்கியது. சட்டையை விரித்து வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். சரியாகக் கேட்டுவிட்டோம் என்ற நினைப்போடுதான் ரூமுக்குத் திரும்பினேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

4. பின்னாலிருந்து முன்னால்

மூன்று வாரம் அவர் என்னிடம் பேசவில்லை. மாத்திரை வாங்குவார், விழுங்குவார், போவார். ஒரு சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் ரூமுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"காலர் கோணலா வந்தா தைச்சவளத் திட்டி ஒண்ணும் ஆகாது சிஸ்டர். அயர்னிங், ஸ்டிச்சிங், கட்டிங்னு ஒவ்வொண்ணா பின்னாடி போயிப் பாப்போம். அந்த மாதிரி பாத்தேன். லிஸ்டுல எட்டுப் பேரு. எல்லாரும் மறுபடி எடுத்த டெஸ்ட் ரிப்போர்ட்ட வாங்கிப் பாத்தேன். ரேணுகாவுக்கு மட்டும் ஒம்போதுல இருந்து பதினொண்ணரை ஆயிடுச்சி. மத்த ஏழு பேரும் நின்ன எடத்துலயே நிக்கிறோம். மாத்திரை ஒண்ணு, குடுக்குற கை ஒண்ணு. அப்ப வித்தியாசம் எங்க?"

"எங்க?" என்றேன்.

"என்ன சாப்புடுறீங்கன்னு கேட்டேன். மாசத்துல எத்தன நாள் போவுதுன்னு கேட்டேன். எதுவும் ஒத்து வரல. அப்புறம் ரெண்டு நாள் டீ பிரேக்குல சும்மா நின்னு பாத்தேன். நாங்க ஏழு பேரும் மாத்திரைய டீயிலதான் முழுங்குறோம். ரேணுகாவுக்கு டீ ஆவாது, நெஞ்செரிச்சல். வீட்டுலருந்து எலுமிச்சம்பழத் தண்ணி எடுத்துட்டு வருவா. அவ அதுல முழுங்குறா."

என் ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கினார். முதல் பக்கத்தைத் திருப்பினார். நேரம் 10.30 என்று நான் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதியிருந்த இடத்தில், பையிலிருந்து ஒரு அம்பு ஸ்டிக்கரை எடுத்து ஒட்டினார்.

"தப்பு இங்கதான் இருக்கும்னு தோணுது. நீங்க படிச்சவங்க, பாத்துச் சொல்லுங்க."

படித்தவள்தான். டீ, காபியோடு இரும்பு மாத்திரை சாப்பிட்டால் உடம்பில் சரியாகச் சேராது என்று நர்ஸிங் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவள். டிக் போட வசதியான நேரத்தைத் தேடியதில் அது மறந்தே போயிருந்தது. டாக்டருக்கு அங்கேயே ஃபோன் செய்தேன். "டீயோடவா குடுத்தீங்க சிஸ்டர்?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எட்டாவது வரை படித்தவர் பச்சையம்மாள். நான் பேசிய பேச்சுக்கு மாத்திரையே வேண்டாம் என்று விட்டிருக்கலாம். ஹெச்.ஆரிடம் போய் என்னைப் போட்டுக் கொடுத்திருக்கலாம். தன் உயிர் விஷயத்தில்கூட ஆளைத் தேடாமல் தப்பைத் தேடினார். அப்படி ஒரு நிதானத்தை நான் டாக்டர்களிடம்கூட அதிகம் பார்த்ததில்லை.

5. ஒரு நிமிடம்

திங்கட்கிழமை ஃபினிஷிங்குக்குப் போய், சூப்பர்வைசரிடம் ஒரு நிமிடம் வேலையை நிறுத்தச் சொன்னேன். முறைத்தார். நிறுத்தினார்.

"போன மாசம் இதே எடத்துல பச்சையம்மாவத் திட்டினேன். அவ மேல எந்தத் தப்பும் இல்ல. மாத்திரை குடுத்த நேரம் தப்பு. அந்த நேரத்த வெச்சது நான். என்னை மன்னிச்சிடும்மா."

பச்சையம்மாளுக்கு என்னைவிடச் சங்கடம். "ஐயோ, போதும் விடுங்க சிஸ்டர். இந்த ஒரு நிமிஷத்துல எத்தன பீஸ் போவும் தெரியுமா?" என்று சட்டையை இழுத்து விரித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து மாத்திரை பன்னிரண்டேகாலுக்கு, என் ரூமில், எலுமிச்சைத் தண்ணீரோடு. டீக்கும் அதற்கும் நடுவில் நல்ல இடைவெளி. ஏழு பேரும் லைனை விட்டு வந்து போவதற்கு சூப்பர்வைசர் முனகினார். முனகட்டும் என்று விட்டேன்.

ஒன்பது வாரம் கழித்து எடுத்த டெஸ்டில் பச்சையம்மாளுக்குப் பத்து புள்ளி மூன்று. மூன்றாவது முறை போனவரை ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பவில்லை.

மாத்திரை எழுதுவது டாக்டர். போட்டாயா என்று பார்ப்பது நர்ஸ். இதைத்தான் இருபது வருடம் வேலை என்று நினைத்திருந்தேன். இவருக்கு இது தேவையா, எதோடு போடுகிறார், போட்ட பிறகு ஏதாவது மாறியதா என்று கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு செக்கர். புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ் பெண்களுக்கு நான் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் பார்க்கப் போனேன். பச்சையம்மாள் தலையணையில் சாய்ந்து, தங்கை ஊட்டிய இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினார்.

"சிஸ்டர், வெளி ரத்தம் ஒரு பாட்டில்கூட ஏத்தலையாம். என்கிட்ட இருக்கறதே போதும்னு சொல்லிட்டாங்க."