எங்கள் அடுப்பு இருந்த கோட்டை

கடுக்காய் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பை அரைக்கும்போது எழுகிற அந்தத் துவர்ப்பு வாசனைதான், எனக்கு நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடத்தின் வாசனை. இண்டூருக்கு மேற்கே, இடிந்த கோட்டைச் சுவருக்குள் முப்பது வீடுகளாக இருந்த எங்கள் ஊரைப் பழுதுபார்த்துச் சுற்றுலாத் தலமாக்கப் போவதாகச் சொல்லி ஆட்கள் வந்து இறங்கியது அப்போதுதான். எல்லைக் காவலுக்கென்று மைசூர்ப் பக்கத்திலிருந்து குதிரைகளோடு வந்து குடியேறியவர்கள் எங்கள் முன்னோர். குதிரையும் காவலும் எந்தக் காலத்திலோ போய்விட, நாங்கள் ராகியும் நிலக்கடலையும் விதைத்துக்கொண்டிருந்தோம். "கோட்டவூட்டுக்காரங்க" என்ற பேர் மட்டும் மிச்சமிருந்தது.

அப்பாதான் எல்லோருக்கும் முன்னால் சம்மதித்தார். வேலை முடியும்வரை வெளியே தகரக் கொட்டகையில் இருங்கள், பிறகு திரும்பிவிடலாம் என்று இன்ஜினியர் சொன்னதை நம்பி, வீடு வீடாகப் போய் எடுத்துச் சொன்னார்.

"வூட்டுல ஆளு இருந்தாத்தானுங்க அது வூடு" என்றாள் அம்மா, பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே.

வேலை முடிந்தது. திரும்பிப் போவதைப் பற்றிக் கேட்கப் போனபோதெல்லாம் வேறொரு அதிகாரி வந்திருந்தார். முந்தையவர் சொன்னது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகு, ஆளுக்கொரு திசையில் காலனி வீடும், அப்பாவுக்குக் காக்கி உடுப்போடு கோட்டைக் காவல் வேலையும் கிடைத்தன. பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை அங்கே அழைத்துப் போன நாளில், எங்கள் வீட்டு வாசலில் நின்று, "இங்க குதிரைவீரருங்க குடும்பம் வாழ்ந்துச்சுங்க" என்று அப்பா சொல்வதை வரிசையில் நின்று நானும் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்.

அதையடுத்து வந்த தைப்பொங்கலன்று விடிந்ததும், அம்மா புதுப்பானையும் அரிசியுமாகக் கோட்டைக்குள் போனாள். நானும் கூடப் போனேன். பார்ப்பவர்களுக்காக எங்கள் அடுப்பை மெழுகி அப்படியே வைத்திருந்தார்கள். அம்மா குந்தி உட்கார்ந்து விறகை அடுக்கும்போது அப்பா வந்து நிலைப்படியில் நின்றார்.

"நெருப்பு வெக்கக் கூடாது, புள்ள."

"இது என் அடுப்புங்க."

"தெரியும். மேல தெரிஞ்சா வேலைய வுட்டு எடுத்துருவாங்க."

அம்மா விறகை ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையில் கொடுத்தாள். காக்கிச் சட்டையோடு அதைச் சுமந்துகொண்டு காலனிவரை அவளுக்குப் பின்னால் நடந்தார் அப்பா. அதற்குப் பிறகு அம்மா கோட்டைக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

அப்பா இப்போது இல்லை. போன மாதம் என் மகளைக் கூட்டிப்போய்க் கோட்டையைக் காட்டினேன். எல்லாம் ஒரு விரிசலும் இல்லாமல் நன்றாகத்தான் இருக்கிறது. காலனிக்குத் திரும்பியதும் அம்மா அவளிடம், "ஊட்டா ஆயித்தா?" என்று கேட்டாள். மகள் விழித்தாள்.

"சாப்பிட்டாச்சான்னு கேக்கறாங்க" என்றேன்.

கன்னடமும் தமிழும் கலந்து கோட்டைக்குள் நாங்கள் பேசிய அந்தப் பேச்சு, வீடுகள் கலைந்தபோதே கலைந்துவிட்டது. அதில் இன்னும் பேசுகிறவர்கள் நாலைந்து பேர். அவர்களும் ஒருவருக்கொருவர் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறார்கள்.