கரண்டியக்காவின் கைப்பழக்கம்

கரண்டியக்கா பிணம் குளிப்பாட்டுகிற வீட்டுப் பெண்ணாம். தங்கை போனில் சொன்னாள். அவளுக்குப் பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். "அவங்க மெஸ்லதானே நீ வருஷக்கணக்கா கொட்டிக்கிட்ட?" என்று வேறு கேட்டாள். அந்த ஊரில் இப்படி ஒரு சொல் கிளம்பினால் அடுப்பு அணைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். பிழைக்க வந்த இந்த வெளியூரில் வேலையில் கை ஓடவில்லை.

அக்காவையே அழைத்தேன். இனி மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோல எல்லாவற்றையும் சொன்னார்.

பிணத்தைத் தொடுகிறவர்கள் கை பட்ட தண்ணீரைக்கூட யாரும் குடிக்காத ஊர் அது. அக்கா இளம் வயதிலேயே வீட்டை விட்டு வந்து, அப்பா லாரி டிரைவர் என்று சொல்லிக்கொண்டார். உண்மை தெரிந்த ஒரே ஆள் கூட்டாளியண்ணன். சேர்ந்து மெஸ் தொடங்கும் முன் அக்காவே சொன்னது. கல்லாவில் அவர், அடுப்பில் அக்கா. "வயித்த என்ன வாடகைக்கா எடுத்திருக்க? நல்லா ரொப்பு" என்று அக்கா கரண்டியோடு வந்து நிற்பார், பட்டப்பெயர் அப்படி வந்தது.

போன மாதம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தினமும் வரும் கடிகாரக்கடைப் பெரியவர் நாற்காலியில் சாய்ந்தபடியே இறந்துபோனார். எல்லோரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். அக்கா வந்து கண்களை மூடினார். துண்டைக் கிழித்துத் தாடையைக் கட்டினார். கைகளை நீவி மார்பில் சேர்த்து, கால் பெருவிரல்களைப் பிணைத்தார். முடிச்சு விழுந்த பிறகுதான் எல்லோரும் தன்னையே பார்ப்பது தெரிந்தது.

"டிரைவர் பொண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றார் தையல்காரர்.

அக்கா கூட்டாளியைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் என்று அவர் ஒரு பொய் சொன்னால் போதும்.

"யாருக்குத் தெரியும்? என்கிட்டயும் டிரைவர்னுதான் சொன்னா" என்றார் அண்ணன்.

வேறு எந்த வீட்டுப் பெண்ணுக்கு இந்தப் பழக்கம் இருக்கும் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. மறுநாள் மெஸ்ஸின் பூட்டு மாறியிருந்தது. உள்ளே புதுச் சமையல்காரி. ஏமாற்றிச் சேர்ந்தவளுக்குப் பங்கு ஏது என்று அண்ணன் கேட்கிறாராம். ஊரே அவருக்காகப் பரிதாபப்பட்டு, ஆறுதல் சொல்லிக்கொண்டே ரெண்டாம் தடவை குழம்பு வாங்குகிறதாம். அக்கா சிரித்தார்.

"அவரு பொய் சொன்னதுகூடப் பரவால்ல தம்பி. மெஸ் தொடங்குறதுக்கு முன்னாடி நான் எல்லாத்தையும் சொன்னப்போ, அந்த மனுஷன் அழுதாரு. அதைத்தான் தாங்க முடியல."

தனக்கு முன்பே தெரியும் என்று அவர் ஒரு தடவை ஒப்புக்கொண்டால் அக்காவுக்குப் பாதி மெஸ்ஸாவது மிஞ்சும்.

"நீ லைன்லயே இரு, அவருக்குப் போடுறேன். உன் காதுபடச் சொல்லட்டும்" என்றார் அக்கா.

அண்ணனின் போனில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.