அவுக சொல்லுவாக

1937 நவம்பர் 12, வெள்ளிக்கிழமை, மாலை மணி நாலு பதினேழு. உத்தமபாளையத்தில் காலையிலிருந்து தூறல்; மேற்கே மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. பள்ளிக்கூட வாசலில் தபால்காரர், பணம் கட்டி வாங்கவேண்டிய ஒரு வி.பி.பி. பார்சலை என்னிடம் நீட்டினார். ஒரு மூலை நனைந்திருந்தது. பார்சலைக் குடைக்குள் வைத்துக் கொண்டுவர முடியாதா என்ற கேள்வி வாய் வரை வந்தது. ‘பார்சல்’ என்ற சொல் ‘ப’வில் தொடங்குவதால் கேட்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தொடக்கப் பள்ளி ஆசிரியர். ‘ப’ எனக்கு வராது. உதடு ஒட்டிக்கொண்டு ஐந்தாறு முறை தட்டும். அதற்குள் கேட்பவர் வேறு பக்கம் பார்க்கத் தொடங்கிவிடுவார். எண்கள் மட்டும் தடங்கலில்லாமல் வரும். பத்து என்பதைக்கூட ஒன்றிலிருந்து வரிசையாகச் சொல்லிப் போனால் சொல்லிவிடுவேன், தனியாகச் சொன்னால் மாட்டிக்கொள்வேன். எதையும் எண்ணும் பழக்கம் எனக்கு அப்படி வந்ததுதான். பின்வரிசைப் பையன்கள் என் திக்கலைச் சிலேட்டில் கோடு போட்டு எண்ணினார்கள். ஒரு நாள் நாற்பத்து மூன்று கோடு. நான் எண்ணியது முப்பத்தொன்பதுதான்.

ஆய்வாளர் போன தடவை வந்தபோது, அடுத்த வருகைக்குள் இந்தக் குறை நீங்காவிட்டால் இந்த வேலைக்கு வேறு ஆள் பார்க்கவேண்டும் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். அடுத்த வருகை 24ஆம் தேதி, புதன்கிழமை. நான் நடத்திக் காட்டவேண்டிய பாடம், நாலாம் வகுப்புக்குப் பெரியாற்றுப் பாசனம்.

எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் எட்டு மாசம் ஆகியிருந்தது. என் மனைவியின் பெயரும் ‘ப’வில்தான் தொடங்கும். ‘இந்தா’ என்றே கூப்பிட்டு வந்தேன். ஊரில் எல்லா ஆண்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. அவள் கவனித்திருந்தாள்.

பார்சலில் இருந்தது மனோவசியப் புத்தகம், தொண்ணூற்றாறு பக்கம். திக்கல், தூக்கமின்மை, பயம் எல்லாவற்றையும் சொல்லால் மட்டுமே நீக்கலாம் என்று முதல் பக்கத்தில் இருந்தது. சொல்பவர் ஒருவர், கேட்பவர் ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும் என்பது பதினோராம் பக்கத்தில்தான் இருந்தது. முதலிலேயே போட்டிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். அவள் நாலாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டி நன்றாகவே வாசிப்பாள். சுவரில் ஒரு வெள்ளைப் பொத்தானை ஒட்டி, மூன்று முழம் தள்ளி உட்கார்ந்து அதையே பார்த்தேன். அவள் வாசிக்கவேண்டியது: ‘உன் இமைகள் கனத்துவிட்டன. நீ என் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறாய்.’

அவள் மனசுக்குள் ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

“கட்டுன புருசன நீ, வா, போன்னு சொல்லணுமாம். இத எழுதுன ஆளுக்குப் பொண்டாட்டி இருந்திருக்க மாட்டா.”

இது சாஸ்திரம், மரியாதைக் குறைவு இல்லை என்று இரண்டு மாலை வாதாடினேன். அவளும் முயன்றுதான் பார்த்தாள். ‘ப’வில் என் வாய் நிற்பதுபோல ‘நீ’யில் அவள் வாய் நின்றுவிட்டது. அடுத்தடுத்து உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு எழுத்தில் திக்கிக்கொண்டிருந்தோம். ஆய்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

மூன்றாம் மாலை, ஐந்தரை மணிக்கு, அவள் சுளகில் நிலக்கடலையை எடுத்துக்கொண்டு என் இடப்பக்கம், கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தாள். புத்தகத்தைத் திறக்கவில்லை. கடலையை உடைத்துக்கொண்டே, அந்தக் கடலையிடம் சொல்வதுபோலப் பேசினாள்.

“இங்கன ஒருத்தரு உக்காந்திருக்காக. பொத்தானப் பாக்குறாக. கண்ணு கனக்கும் அவுகளுக்கு. மூடுனா மூடட்டும், மூடாட்டியும் ஒண்ணுமில்ல. மழை சத்தம் கேக்கும். கடலை ஒடைக்கிற சத்தம் கேக்கும். எண்ணணும்னா எண்ணிக்கிடட்டும். எண்ணாட்டி கடலை கொறஞ்சா போகும்?”

இருபத்தேழு கடலை வரை எண்ணினேன். அதற்குப் பிறகு தெரியவில்லை. என் நினைவில் எண்ணிக்கை தவறியது அதுதான் முதல் தடவை. கண் திறந்தபோது சுளகு முழுக்கத் தோல்.

கட்டளையிட வேண்டும், அதட்டலாக வேண்டும், முன்னால் நின்று சொல்ல வேண்டும் என்பது புத்தகம். அவள் செய்தது எல்லாம் அதற்கு நேர்மாறு. இதைப் பற்றி நான் ஐம்பது வருஷத்துக்கு மேல் யோசித்திருக்கிறேன். கண்ணை மூடு என்றால், மாட்டேன் என்று உள்ளே ஒருவன் எழுந்து நிற்பான். ‘அவுக மூடுவாக’ என்றால் எழுந்து நிற்க ஆள் இல்லை. பேச்சு வேறு யாரையோ பற்றியது. அந்த வேறு யாரோவுக்குத் திக்கலும் கிடையாது.

நாள் போகப் போக அவள் சொற்கள் பெருகின. “தண்ணி மலைய முட்டிக்கிட்டு நின்னுச்சு. வழி இல்லன்னுதான் எல்லாரும் நெனச்சாக. மலைக்குள்ள தொளை இருக்குல்ல, அது வழியா வந்துருச்சு. அது மாதிரிதான் அவுக பேச்சும். தானா வரும். பெரியாறுன்னு அவுக சொல்லுவாக.”

புதன்கிழமை ஆய்வாளர் பின்வரிசையில் உட்கார்ந்தார். உதடு ஒட்டத் தொடங்கியது. ‘அவுக சொல்லுவாக’ என்று அவள் குரலில் உள்ளே கேட்டது. பெரியாறு என்றேன். நாற்பது நிமிடத்தில் அறுபத்தொரு ‘ப’. நின்றது நான்கில் மட்டும். குறை பெரும்பாலும் நீங்கியது என்று எழுதிவிட்டுப் போனார்.

அன்று மாலை அவள் கூலி கேட்டாள். என்ன வேண்டும் என்றேன்.

“எம்பேர ஒரு தடவ.”

ஏழு முறை உதடு தட்டியது. வரவில்லை. வகுப்பில் வேறு யாரோவாக நின்றுகொள்ள முடிந்தது. அவள் முகத்துக்கு நேரே நான் நானாகத்தான் இருக்கவேண்டியிருந்தது.

“போகட்டும். பெரியாறே வந்துருச்சு, நான் வராமலா போயிருவேன்,” என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்தக் கூலி ஆறு வருஷத்துக்கு மேல் நின்றது. யுத்த காலத்தில் குடும்ப அட்டைக்குப் புருஷன் பெண்டாட்டி இருவரும் நேரில் வரவேண்டும் என்றதால் சேர்ந்து போய் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் முப்பத்து மூன்று பேர். குமாஸ்தா முதலில் அவளிடம் புருஷன் பேரைக் கேட்டார். புருஷன் பேரை அவள் எப்படிச் சொல்வாள்? அவுகதான் இங்கன நிக்கிறாகல்ல, அவுகளையே கேளுங்க என்றாள். நான் என் பேரைச் சொன்னேன். வீட்டம்மா பேரு என்றார். என் உதடு ஒட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று.

“ஏலே, இதுகளுக்குப் பேரே வைக்கல போலருக்கு,” என்றான் பின்னால் ஒருவன். வரிசையே சிரித்தது.

என் இடத்தோளுக்குப் பின்னால், கடலையிடம் சொல்வதுபோல, தணிந்த குரல் கேட்டது. “அவுக சொல்லுவாக.”

சொன்னேன். நாலு எழுத்தும் ஒரே ஓட்டத்தில் வந்தது. குமாஸ்தாவுக்குச் சிரிப்புச் சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை. இன்னொரு தரம் சொல்லும் என்றார். இன்னொரு தரமும் சொன்னேன்.

திரும்பும் வழியில் வாய்க்கால் பாலம் வந்தது. பாலத்தில் நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஒரு கூலி கேட்டேன், ரெண்டு வந்துருச்சு,” என்றாள்.

அவள் போய்ப் பதினோரு வருஷம் நாலு மாசம். ‘ப’ திரும்பி வந்துவிட்டது. போன வாரம் ஓய்வூதிய அலுவலகத்தில் மனைவி பேரைக் கேட்டார்கள். காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். ஐந்தரை மணிக்கு இப்போதும் பொத்தானைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறேன். ‘அவுக சொல்லுவாக’ என்று நானே சொல்லிப் பார்க்கிறேன். என் வாயால் சொன்னால் அது வெறும் வாக்கியம். இடப்பக்கம் கொஞ்சம் பின்னால் யாராவது இருக்கவேண்டும். கடலை வாங்கி நானே உடைத்தும் பார்த்துவிட்டேன். இருநூறு தாண்டியும் எண்ணிக்கை தவறவில்லை.

புத்தகம் ஒன்றரை ரூபாய். வி.பி.பி. கட்டணம் மூன்றரை அணா. பொத்தான் அரையணா. ஆக மொத்தம் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா.