கண்ணீருக்கு வரி

டிராயிங் மாஸ்டர் அந்தப் படத்தை ஆசிரியர் அறை மேசையில் விரித்தபோது, டிபன் பாக்ஸ்களை நகர்த்தி இடம் செய்து கொடுத்தவள் நான்தான். செகந்திராபாத்துக்குப் பக்கத்தில், குகட்பள்ளியில் நான் சரித்திரம் நடத்தும் தனியார் பள்ளியின் சுதந்திர தினக் கண்காட்சிக்கு, வெள்ளையர் காலத்து உப்பு வரியைக் கிண்டல் செய்யும் சித்திரம் ஒன்று வேண்டும் என்று அவரிடம் கேட்டிருந்தேன். மண் தரையில் உட்கார்ந்து ஒரு பெண் அழுகிறாள். தொப்பியும் தொந்தியுமாக ஒரு துரை குனிந்து, அவள் கன்னத்தில் வழிவதைக் கரண்டியில் பிடிக்கிறான். கீழே ஆங்கிலத்தில் ஒரே வரி: "இதிலும் உப்பு இருக்கிறது. வரியைக் கட்டு." வருஷா வருஷம் தொண்டை வற்ற நான் கத்தியும் பிள்ளைகளுக்கு உறைக்காததை, மனிதர் ஒரு கரண்டியில் சொல்லிவிட்டார்.

பிரின்சிபால் அம்மாவும் முதலில் சிரித்தார். பிறகுதான் அவருக்குச் சிறப்பு விருந்தினர் ஞாபகம் வந்தது. வரப்போகிறவர் மாநகராட்சியில் வரிப் பிரிவு அதிகாரி. வீட்டு வரி ஏறிவிட்டதென்று பெற்றோர்கள் பள்ளி வாசலிலேயே புலம்பிக்கொண்டிருந்த சமயம் அது.

"தன்னைத்தான் வரைந்திருக்கிறோம் என்று அவர் நினைத்தால்?"

"இவன் வெள்ளைக்காரன், மேடம்."

"தொந்தியைப் பார்த்தால் வெள்ளைக்காரன் என்று தெரியுமா?"

மணி அடிக்கும்வரை வாதாடினேன். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தொப்பியை அழித்துவிட்டு வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்பும் மாட்டுவது. கீழே, 'உப்பைக் குறைப்போம், நலமாக வாழ்வோம்' என்று எழுதுவது. அதற்குப் படத்தையே எடுத்துவிடலாம் என்று நான் கொதித்தேன். மாஸ்டர் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். "நக்கோ மேடம், வேணாம், விடுங்க. என் பசங்க ரெண்டு பேரும் இங்க ஃபீஸ் இல்லாம படிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுத் தூரிகையைத் தேடிப் போனார்.

கண்காட்சியன்று அதிகாரி அந்தப் படத்தின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார். தனக்கும் பி.பி. இருக்கிறது என்றார். முதல் பரிசையும் அதற்கே அறிவித்தார். பிறகு சந்தேகத்தோடு, "இந்த அம்மா ஏன் அழுகிறாள்?" என்று கேட்டார்.

"உப்புக்கு வரி போட்டுவிட்டார்கள் சார்" என்றார் மாஸ்டர், நல்ல தெலுங்கில், நிதானமாக.

அதிகாரியின் முகம் மாறியது. "எப்போது? எனக்குச் சுற்றறிக்கை எதுவும் வரவில்லையே?"

"மாஸ்டர் எப்போதும் இப்படித்தான் சார், ஜோக் அடிப்பார்" என்று பிரின்சிபால் அம்மா குறுக்கே விழுந்தார். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் பரிசுக் கோப்பையை வாங்கிக்கொண்டு, புகைப்படத்துக்காகச் சொன்ன இடத்தில் நின்றார். "மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருக்கலாமே!" என்று பிறகு அவரிடம் சண்டைக்குப் போனேன். "நேராவே சொன்னேனே மேடம். அவருக்குப் புரிஞ்சுதா?" என்றார். அவருக்கு என்மேல் கோபமில்லை, யார்மேலும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

தன் சின்ன மகன் பத்தாம் வகுப்பு முடித்ததும் மாஸ்டர் வேலையை விட்டுவிட்டார். இப்போது ஏதோ செயலி செய்யும் நிறுவனத்தில் குழந்தைகளுக்கான பொம்மைப் படங்கள் வரைவதாகக் கேள்வி. அவர் வரைந்த அந்தப் படம் மட்டும் கண்ணாடி போட்டு, பள்ளியின் முதலுதவி அறை வாசலில் தொங்குகிறது. போன மாதம் உப்பு வரிப் பாடம் வந்தபோது பொறுக்க முடியாமல் வகுப்பையே அங்கே அழைத்துப் போய், நடந்ததை எல்லாம் சொன்னேன். வழக்கமாகக் கொட்டாவி விடுகிற பிள்ளைகள்கூடக் கேட்டார்கள். இந்த வருஷமாவது ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

நேற்று விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். கெட்டிக்காரப் பெண் ஒருத்தி முத்து முத்தாக எழுதியிருந்தாள்: 'ஆங்கிலேயர் ஆட்சியில் டாக்டர்கள் மக்களின் கண்ணீருக்கு வரி வசூலித்தார்கள்.'

'டாக்டர்கள்' என்பதைச் சிவப்பு மையால் அடித்தேன். மேலே 'அதிகாரிகள்' என்று எழுதினேன். கண்ணீர் என்று அவள் எழுதியதை மட்டும் திருத்த மனம் வரவில்லை. முழு மதிப்பெண் போட்டு அடுத்த தாளை எடுத்தேன். அதிலும் டாக்டர்கள்தான்.