பைட்டூ

தென்னூரில் எங்கள் ஆபீஸுக்கு எதிரே இருக்கும் காபிக் கடையில் ‘பைட்டூ’ என்று கேட்டால், ஒரு காபியை இரண்டு டம்ளரில் ஊற்றித் தருவார்கள். சரிபாதி என்பதெல்லாம் சும்மா. நுரை முழுக்க ஒரு டம்ளருக்குத்தான் போகும். அந்த டம்ளருக்காகத் தினமும் பதினோரு மணிக்கு நானும் பக்கத்து சீட்டுக்காரியும் சண்டை போடுவோம். பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

போன மாதம் ரிட்டயரானதும் அவள் மகனோடு இருக்கப் புனேவுக்குப் போய்விட்டாள். நேற்று பழக்கத்தில், “ஒரு பைட்டூங்க” என்று கேட்டுவிட்டேன்.

“இன்னொருத்தங்க வராங்களாம்மா?” என்றார் கடைக்காரர்.

“வருவாங்க” என்றேன்.

நுரை பொங்கிய டம்ளரை அவள் உட்காரும் பக்கம் நகர்த்தி வைத்தேன்.