எங்களையும் கேளுங்கள்

அன்னெட் ஹெம்பெல் எங்கள் டிப்போவில் இருபத்தாறு வருடமாக ட்ராம் ஓட்டுகிறாள். இடது புருவத்தின் குறுக்கே அவளுக்கு ஒரு தழும்பு உண்டு. லைப்சிக் நகரத்தின் இரண்டு பழைய கால்பந்து கிளப்புகளும் மோதிய ஒரு நாளில், வால்ட்பிளாட்ஸ் நிறுத்தத்தில் எவனோ எறிந்த கல் அவள் ஓட்டிய வண்டியின் முன்கண்ணாடியை உடைத்தது. கல்லை எறிந்தவன் அவளுடைய கிளப்பின் துண்டைத்தான் கழுத்தில் சுற்றியிருந்தான். அன்றோடு அவள் அந்தக் கிளப்பின் லாய்ட்ஷ் மைதானத்துக்குப் போவதை நிறுத்தினாள். தம்பி ஃபால்கோ நிறுத்தவில்லை.

பிறகுதான் அந்தப் பானக் கம்பெனி வந்தது. ஏதோ ஒரு கிராமத்து அணியின் இடத்தை வாங்கி, வேறு பெயர் வைத்து, ஏழே வருடத்தில் முதல் பிரிவுக்கு ஏற்றிவிட்டது. நாடு முழுக்கத் திட்டினார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் திட்டினார்கள், மீதிப் பேர் சீசன் டிக்கெட் எடுத்தார்கள். அன்னெட் மூன்றாம் வருடமே எடுத்துவிட்டாள்.

“அங்க புள்ளைகளத் தோள்ல தூக்கிட்டு வர்றாங்க. யாரும் கல்லு எறியல. எனக்கு அது போதும்,” என்று என்னிடம் சொன்னாள்.

ஃபால்கோவுக்கு அது போதவில்லை. அவன் வெப்பக்குழாய் பொருத்துகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுடைய குத்தகைத் தோட்டத்தில் குடும்பம் கூடும். உருளைக்கிழங்கு உருண்டையும் சிவப்பு முட்டைக்கோஸும் மேஜைக்கு வரும் முன்பே அந்தக் கம்பெனியின் பான டப்பாவை வைத்து அவன் கேலியை ஆரம்பித்துவிடுவான்.

“வாங்க டப்பாக்காரி! இன்னிக்கு முதலாளி எத்தன கோல் போடச் சொல்லியிருக்காரு?”

“உங்க ஆளுங்க போன வாரம் எத்தன போட்டாங்க? அஞ்சாவது டிவிஷன்ல, மாட்டுக்கொட்டாய் பக்கத்துல?”

“பூஜ்யம்தான். ஆனா அந்தப் பூஜ்யம் எங்களோடது, அக்கா. எங்க கிளப்புல நான் கையத் தூக்கினா எண்ணுவாங்க. உன் கைய யாரு எண்ணுறா?”

அவள் உருண்டையைக் கத்தியால் நசுக்குவாள்.

வெளியூர் ஆட்டங்களில் இன்னும் மோசம். ஒருமுறை மேற்கே ரூர் பகுதியின் ஓர் ஊரில் ரயில் நிலையப் படிக்கட்டில் எவனோ அவள் தலையில் பீரைக் கொட்டினான். “நீங்கல்லாம் ரசிகருங்களா? விளம்பரப் பலகைங்க!” என்று கத்தினானாம். மறுநாள் டிப்போவில் காபி இயந்திரத்தின் முன்னால் நின்று அவள் என்னிடம் பொரிந்து தள்ளினாள்.

“ஆயிரம் கிலோமீட்டர் போயிட்டு வர்றேன், என் லீவுல, என் காசுல. அவன் அணியோட சட்டையிலயும் ஒரு கம்பெனி பேரு இருக்குது. அது விளம்பரம் இல்லையாம், நான்தான் விளம்பரமாம்!”

வெளியே எவ்வளவு வாங்கிக்கட்டிக்கொண்டாலும் உள்ளே தனக்கு ஓர் இடம் இருக்கிறது என்று அவள் நம்பியிருந்தாள். கோல் கம்பத்தின் பின்னால், நிற்கும் பகுதியில், நடுக்கம்பிக்குப் பக்கத்தில் பதினாலு வருடமாக அவளும் இனெஸ் என்ற தோழியும் இன்னும் எட்டுப் பேரும் நின்றார்கள். போன பிப்ரவரியில் மின்னஞ்சல் வந்தது. அடுத்த பருவத்திலிருந்து அந்தப் பகுதியில் மெத்தை நாற்காலிகள் வருமாம். சாப்பாடு இருக்கைக்கே வருமாம். நிற்பவர்களுக்கு வேறு இடம் ஒதுக்கப்படுமாம்.

அன்னெட் கடிதம் எழுதினாள். கிளப்பின் பொதுக்கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றாள். ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்கள்தான் கேட்க முடியும் என்று பதில் வந்தது. சரி, என்னை அந்த உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டாவது கடிதம் எழுதினாள். அப்படிப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே, அந்த வட்டத்தை இப்போதைக்கு விரிவாக்கும் எண்ணமில்லை, உங்கள் ஆர்வம் எங்களை மகிழ்விக்கிறது என்று பதில் வந்தது.

“மகிழ்விக்குதாம்!” கடிதத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். “திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. திட்டினா திருப்பித் திட்டலாம். இவங்ககிட்ட என்னத்தப் பண்றது?”

பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து, இரண்டு மீட்டர் நீளத்தில் ஒரு பதாகை தைத்தாள். ‘எங்களையும் கேளுங்கள்’ என்று சிவப்புத் துணியில் எழுத்து வெட்டி ஒட்டினாள். இனெஸுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்ததால் கடைசி ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட் மிஞ்சியது. அன்னெட் தம்பியைக் கூப்பிட்டாள்.

“அடுத்த வருஷம் அந்த இடமே இருக்காது, ஃபால்கோ. பதினாலு வருஷமா நான் எங்க நிக்கிறேன்னு ஒரே ஒரு தடவ வந்து பாரேன்.”

“வர்றேன். ஆனா உங்க கிளப்புச் சட்டையெல்லாம் போட மாட்டேன்,” என்றானாம்.

சாம்பல் நிற மழைச்சட்டையில் வந்தான். எங்கள் ஊரில் புது அரங்கம் பழைய அரங்கத்தின் கிண்ணத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பழைய மண்மேட்டின் படிகளில் ஏறி, மறுபக்கம் பாலத்தின் வழியே உள்ளே இறங்க வேண்டும். மேட்டின் உச்சியில் ஃபால்கோ நின்று மூச்சு வாங்கினான். உள்ளே ஒரு சாசேஜ் வாங்கித் தின்றான். கழிப்பறைக்குப் போய்வந்து, “எவ்வளவு சுத்தம்! சோப்பெல்லாம் இருக்குது,” என்றான்.

“பதினாலு வருஷம் கழிச்சு வந்து கக்கூஸப் பாராட்டுறியா?”

“பாராட்ட வேற என்ன இருக்குது? இன்னும் ஆட்டமே ஆரம்பிக்கலையே.”

ஆரம்பித்த ஆட்டத்திலும் பாராட்ட எதுவும் இல்லை. பத்தொன்பதாம் நிமிடத்தில் எதிரணி கோல் போட்டது. இடைவேளைக்குப் பிறகு அன்னெட் பதாகையைப் பிரித்துக் கம்பியில் கட்டினாள். ஐந்து நிமிடம்கூடத் தொங்கவில்லை. மஞ்சள் அங்கி போட்ட பாதுகாப்பு ஊழியர் ஒருவர் வந்தார், மிகவும் சின்ன வயது.

“மேடம், இது பதிவு பண்ணின பதாகையா?”

“இல்ல. படுக்கை விரிப்பு.”

“பதிவு பண்ணாதத கட்டக்கூடாது, மேடம். மன்னிச்சுக்கங்க. நீங்களே அவுத்துடுறீங்களா?”

அவள் வாயைத் திறக்குமுன் ஃபால்கோ குறுக்கே பாய்ந்தான்.

“இவங்க பதினாலு வருஷமா இங்க நிக்கிறாங்க, தெரியுமா? நீ பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியிருந்து! ஒரு வரி எழுதக்கூடாதா? இது கிளப்பா, சூப்பர் மார்க்கெட்டா?”

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் கைதட்டினார்கள். அன்னெட்டின் காது மடல்கள் சிவந்துவிட்டன.

“நீ சும்மா இரு! என் கிளப்ப நான் திட்டிக்கிறேன். நீ திட்டாத.”

முடிச்சுகளை அவளே அவிழ்த்தாள். மடித்துக் கைப்பையில் வைத்தாள். இரண்டாவது கோலும் விழுந்தது. திரும்பும் வழியில் மண்மேட்டின் மேல் ஃபால்கோ சொன்னான்: “புதன்கிழமை எங்க உறுப்பினர் கூட்டம். வா. வந்து சேரு. முதல் நாளே கையத் தூக்கலாம்.”

அவள் போனாள். லாய்ட்ஷ் மைதானத்தின் மரக்கூடத்தில் நூற்றுச் சொச்சம் பேர். பீர் கண்ணாடிக் குவளையிலா பிளாஸ்டிக் குவளையிலா என்று ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டார்கள். இரண்டு முறை ஓட்டெடுப்பு நடந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது என்று பிறகு ஒத்துக்கொண்டாள். ஓட்டு எண்ணுகிறவர் விரலை நீட்டி ஒவ்வொரு கையாக எண்ணியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.

புது உறுப்பினர்களின் பெயரைப் படித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“டப்பாக்காரிக்கு இங்க என்ன வேல? அங்க குடிச்சது தீந்துபோச்சா?”

கூடமே சிரித்தது. அவள் ஃபால்கோவைப் பார்த்தாள். அவன் மேஜைமேல் பீர் குவளைக்கு அடியில் வைக்கும் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வேலிக்கருகே அவன் ஓடி வந்து பிடித்தான்.

“அக்கா, விளையாட்டுக்குச் சொன்னது. விடு.”

“அங்க அந்தச் சின்னப் பையன்கிட்ட அவ்வளவு குதிச்ச. இங்க வாய்ல என்ன இருந்துச்சு?”

“அவனுங்க என் ஆளுங்க. முப்பது வருஷமா கூட நிக்கிறவனுங்க.”

“அப்ப நான் யாரு?”

அவள் ட்ராம் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். கோடை முழுக்க அவனுடைய தோட்டத்துப் பக்கம் அவள் தலைவைத்தும் படுக்கவில்லை.

ஆகஸ்டில் அவள் சீசன் டிக்கெட்டைப் புதுப்பித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது எனக்கே கோபம் வந்தது.

“ஏன் அன்னெட்? இவ்வளவு நடந்த பிறகுமா?”

“வேற எங்க போறது, சொல்லு? அங்க என்னைக் கேக்க மாட்டாங்க. லாய்ட்ஷ்ல என்னைச் சேத்துக்க மாட்டாங்க. கேக்காத இடத்துலயாவது நல்லா ஆடுறாங்க.” சற்று நிறுத்தி, “சில நாள்,” என்றாள்.

புது இடம் மூலைக்கொடிக்கு மேலே இருக்கிறது. முன்னால் நிற்கும் தூண் பாதிக் கோலை மறைக்கிறது. பழைய எட்டுப் பேரில் மூன்று பேர்தான் மிச்சம். இனெஸ் முழங்காலைச் சாக்குச் சொல்லி வருவதையே விட்டுவிட்டாள். ஃபால்கோ போன மாதம் ஒரு கூடை ஆப்பிளை அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு மணி அடிக்காமல் போயிருக்கிறான். அவள் அதில் கேக் செய்து டிப்போவுக்குக் கொண்டுவந்தாள். அவனுக்கு ஒரு துண்டுகூட அனுப்பவில்லை.

தூணைப் பற்றி மூன்றாவது கடிதம் போட்டிருக்கிறாள். ஆறு வாரமாகிறது. தினமும் வண்டியை எடுப்பதற்கு முன் பதில் வந்திருக்கிறதா என்று போனைத் திறந்து பார்க்கிறாள். மூடிச் சட்டைப்பைக்குள் திணிக்கிறாள். பிறகு கதவு மூடும் பொத்தானை அவள் அழுத்துகிற வேகத்தைப் பார்த்தே பயணிகள் படியிலிருந்து உள்ளே தள்ளி நின்றுகொள்கிறார்கள்.